இடைக்கால சாண்ட்பாக்ஸ் விளையாட்டுகளில் தனிப்பயனாக்கம்

இடைக்கால ஐரோப்பாவையோ அதன் சாயலில் புனைந்த நாட்டையோ களமாகக் கொண்டு, இன்னதைத்தான் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தாமல் ஆடுபவரை அவர் போக்கில் விடும் கணினி விளையாட்டுகள் இடைக்கால சாண்ட்பாக்ஸ் விளையாட்டுகள் எனப்படும். இவற்றைத் தனியாக ஆடுபவர் தம் கதாபாத்திரத்தின் முகம், பிறப்பு, கொடி, ஆயுதம் ஆகியவற்றையும், ஆட்டத்தின் கடுமையையும், சில வேளை அந்த உலகத்தையே கூடவும் விரும்பியபடி அமைத்துக்கொள்ள உதவும் வசதிகள் தனிப்பயனாக்கம் என்ற பெயரில் அடங்கும். கதை எழுதித் தரப்படாத ஆட்டத்தில் கதையை உண்டாக்கும் பொறுப்பு பெருமளவு இவ்வசதிகளைச் சார்ந்தது. துருக்கியில் உருவான ‘மவுண்ட் அண்ட் பிளேடு’ வரிசை இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு.

முன்னோடிகள்

1987இல் சிட் மையர் உருவாக்கிய ‘பைரேட்ஸ்’ 16, 17ஆம் நூற்றாண்டுகளின் கரீபியக் கடலைக் களமாகக் கொண்டது. ஆடுபவர் எந்த நாட்டவர், எந்தக் காலத்தில் வாழ்பவர், வாள்வீச்சு, மாலுமித்தனம், மருத்துவம் முதலியவற்றில் எதில் தேர்ந்தவர் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். களம் இடைக்காலம் அன்று என்றாலும், கட்டற்ற உலகில் முதல் தேர்வு முழு ஆட்டத்தையும் திசைதிருப்பும் என்பதை அது காட்டியது.

மைக்ரோபுரோஸ் நிறுவனம் 1992இல் வெளியிட்ட ‘டார்க்லேண்ட்ஸ்’ 15ஆம் நூற்றாண்டின் புனித ரோமப் பேரரசில் நடப்பது. அதில் கதாபாத்திரம் அமைப்பதே ஒரு வாழ்க்கை வரலாறு எழுதுவது போன்றது. ஐந்தாண்டுக்கு ஒரு தொழில் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். திறன்கள் கூடும், வயதும் ஏறும். நெடுநாள் பயின்றவர் அறிவோடும் தளர்ந்த உடலோடும் களம் இறங்குவார்.

மவுண்ட் அண்ட் பிளேடு

அங்காராவைச் சேர்ந்த ஆர்மான் யாவுஸ், இபெக் யாவுஸ் தம்பதியர் இவ்வரிசையைத் தொடங்கினர். அவர்களது டேல்வேர்ல்ட்ஸ் நிறுவனம் முற்றுப்பெறாத பதிப்புகளை முன்கூட்டியே விற்று, ஆடுபவர்களின் கருத்துகளைக் கேட்டபடியே விளையாட்டை வளர்த்தது. முழு வெளியீடு 2008 செப்டம்பரில் வந்தது. விரிவாக்கிய ‘வார்பேண்டு’ 2010 மார்ச்சில் வெளியாயிற்று.

களம் கால்ராடியா என்னும் கற்பனை நாடு. அரசுகள் ஓயாமல் போரிட்டுக்கொண்டிருக்கும். ஆடுபவர் வணிகராகலாம், கூலிப்படைத் தலைவராகலாம், ஓர் அரசரிடம் சேர்ந்து ஊர்களை மானியமாகப் பெறலாம், தாமே முடிசூடவும் செய்யலாம். மாயமந்திரம் எதுவும் இல்லை.

வார்பேண்டு தொடங்கும்போது சில கேள்விகள் வரும். தந்தை யார்: நொடித்துப்போன பிரபுவா, ஊர்சுற்றும் வணிகரா, வேட்டைக்காரரா, திருடரா? இளமை எங்கே கழிந்தது? ஊரைவிட்டு வந்தது பழிவாங்கவா, பணத்துக்காகவா? ஒவ்வொரு பதிலும் வலிமை, சுறுசுறுப்பு, அறிவு, கவர்ச்சி என்ற நான்கு பண்புகளையும் அவற்றைச் சார்ந்த திறன்களையும் மாற்றும். பிரபுவின் மகனுக்குத் தொடக்கத்திலேயே குலக்கொடி கிடைத்துவிடும். மற்றவர்கள் அதை உழைத்துத்தான் பெற வேண்டும். பெண்ணாக ஆடத் தேர்ந்தவரைப் பிரபுக்கள் எளிதில் சமமாக ஏற்பதில்லை. அந்தத் தேர்வு ஆட்டத்தின் கடுமையையே கூட்டுகிறது.

கடுமையையும் கூறு கூறாக அமைக்கலாம். ஆடுபவருக்கு விழும் அடி முழுதாக விழ வேண்டுமா, பாதியா, காலா, எதிரியின் போர்த்திறன் எவ்வளவு, கேடயமோ வாளோ கொண்டு தடுக்கும் திசையைத் தாமே குறிக்க வேண்டுமா என்பன தனித்தனி அமைப்புகள். மொத்தக் கடுமை விழுக்காடாகத் திரையில் தெரியும். கைவேகம் குறைந்தவரும் கைதேர்ந்தவரும் ஒரே கால்ராடியாவில் உலவ முடிவது இதனால்தான். தோற்ற சண்டையைப் பழைய சேமிப்பிலிருந்து மீண்டும் ஆடும் வழியை அடைத்துவிடும் முறையும் உண்டு. அதைத் தேர்ந்தவர் தோல்வியையும் கதையின் பகுதியாக ஏற்றாக வேண்டும்.

மாட்கள்

ஆடுபவர்களே செய்து சேர்க்கும் மாற்றங்கள் ‘மாட்’ எனப்படும். வார்பேண்டின் உள்ளடக்கம் பைத்தான் நிரல்மொழிக் கோப்புகளாக வெளியே தரப்பட்டதால், நிரலாக்கம் ஓரளவு தெரிந்தவர்களும் புதிய படைவீரர்கள், ஊர்கள், விதிகளைச் சேர்த்தனர். ‘பிராஃபசி ஆஃப் பென்டார்’ முழுப் புதிய உலகைத் தந்தது. ‘ஃபிரீலான்சர்’ மாட், படைத்தலைவராக இல்லாமல் ஒரு பிரபுவின் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து சம்பளம் வாங்கும் வாழ்க்கையைச் சேர்த்தது. ‘டிப்ளமசி’ அரசாளுதலை நுணுக்கமாக்கியது; பிற மாட்கள் பலவற்றுக்கு அடித்தளமும் ஆயிற்று.

மாட் செய்தவர்கள் பின்னர் அதிகாரபூர்வ உருவாக்குநர்களாகவும் ஆனார்கள். ‘மவுண்ட் அண்ட் மஸ்கட்’ என்ற மாட்டைச் செய்த குழு, பலர் சேர்ந்து ஆடும் ‘நெப்போலியானிக் வார்ஸ்’ விரிவாக்கத்தை 2012இல் தந்தது. ‘பிரித்தன்வால்டா’ மாட்டின் குழு 2014இல் ‘வைக்கிங் கான்குவெஸ்ட்’ செய்தது. நிறுவனம் தனித்து யோசித்திராத களங்களும் காலங்களும் இப்படி அதன் விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றன.

பேனர்லார்ட்

2012இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் பாகமான ‘பேனர்லார்ட்’ 2020 மார்ச்சில் முன்வெளியீடாகவும் 2022 அக்டோபரில் முழுமையாகவும் வந்தது. இதில் கொடியின் சின்னத்தையும் நிறங்களையும் ஆடுபவரே தேர்வார். முழுக் கொடியும் புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஓர் எண் வரிசையாகப் பதிவாகும். ஒருவர் அனுப்பிய எண்வரிசையை ஒட்டினால் அவர் கொடி நம் திரையில் வந்துவிடும். அந்தச் சின்னம் வீரர்களின் கேடயங்களிலும் தெரியும் என்பதால் நெரிசலான போரில் நம்மவரை அடையாளம் காணவும் உதவுகிறது.

கொல்லுப்பட்டறை இதைவிட ஆழமானது. வாள் என்றால் அலகு, கைக்காப்பு, பிடி, குமிழ் என நான்கு உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்து பொருத்த வேண்டும். அலகு நீண்டால் எட்டும் தூரம் கூடும். எடை ஏறி வீச்சு மந்தமாகும். விறகைக் கரியாக்கி, பழைய ஆயுதங்களை உருக்கி உலோகம் சேர்க்க வேண்டும். முடிந்த வாளுக்குப் பெயரும் சூட்டலாம். விற்பனையில் இது அள்ளித் தருவதால், ஆட்டத்தின் பொருளாதாரச் சமநிலையைக் குலைக்கிறது என்ற குறையும் எழுந்தது.

கதாபாத்திரங்களுக்கு வயதாகும், மணம் முடித்துப் பிள்ளை பெறலாம். பிள்ளைகளின் முகத்தில் பெற்றோர் சாயல் இருக்கும். நாயகர் இறந்தால் வாரிசு தொடர்வார். பிறப்பும் இறப்பும் வேண்டாம் என்பவர் தொடக்கத்திலேயே அவற்றை நிறுத்திவிடலாம்.

பிற விளையாட்டுகள்

போலந்தின் ரெண்டர் கியூப் உருவாக்கிய ‘மெடீவல் டைனஸ்டி’ 2021இல் முழுமையாக வெளிவந்தது. அதில் ஒரு பருவம் இயல்பாக 3 நாள்தான். புதிய ஆட்டம் தொடங்கும்போது இதை நீட்டிக்கொள்ளலாம். ஆண்டு நீண்டால் நாயகருக்கு மெல்ல வயதாகும், ஊரை நிதானமாகக் கட்டலாம். ஆனால் விளைச்சலும் வாரிசும் தாமதமாகும். ஒரே எண்ணை மாற்றுவதால் ஆட்டத்தின் நடையே மாறுகிறது.

பிராகின் வார்ஹார்ஸ் ஸ்டுடியோஸ் 2018இல் வெளியிட்ட ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ வேறு வழி சென்றது. 1403ஆம் ஆண்டு பொஹீமியாவில், கொல்லர் மகன் ஹென்றியாக மட்டுமே ஆட முடியும். பெயரையும் பிறப்பையும் மாற்ற வழியில்லை. மாறாக, உடையும் கவசமும் அடுக்கடுக்காக அணியலாம். இரத்தமும் சேறும் படிந்த உடையோடு போனால் மக்கள் மதிக்கமாட்டார்கள். நினைத்த நேரத்தில் ஆட்டத்தைச் சேமிக்க ஒரு மதுவகையைக் குடிக்க வேண்டும் என்ற விதி பலருக்குப் பிடிக்கவில்லை. வரம்பின்றிச் சேமிக்க உதவும் மாட் விரைவிலேயே வந்துவிட்டது.

மதிப்பீடு

தோற்றத்தை மட்டும் மாற்றும் வசதிகள் முதல் சில மணி நேரத்தோடு கவனத்திலிருந்து விலகுகின்றன. விளைவோடு பிணைந்தவையே நிலைக்கின்றன: எதிர்ப்பைச் சந்திக்க வைக்கும் பிறப்பு, எடையைக் கூட்டும் அலகு, வாரிசைத் தாமதப்படுத்தும் பருவம். தேர்வு கூடும்போது சமநிலை குலைவதும், புதுப்பிப்பு வரும்போதெல்லாம் மாட்கள் இயங்காமல் போவதும் இவ்வகையின் தீராத குறைகள். ஆயினும் 2010இல் வெளியான வார்பேண்டு, அடுத்த பாகம் வந்த பின்னும் ஆடப்பட்டு வருவதற்கு அதன் மாட்களே முதன்மைக் காரணம்.