பிரித்துக் கட்டினால் தப்பிக்கலாமா? – ரூலெட் சக்கரத்தின் கதை



கோவாவுக்குச் சுற்றுலா போய் வந்த பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், ரூலெட்டில் ஒரே எண்ணில் கட்டாமல் பத்துப் பதினைந்து எண்களில் பிரித்துக் கட்டினால் ஜெயிக்கிற வாய்ப்பு கூடும்தானே?" பலருக்கும் இந்த எண்ணம் இருக்கிறது. இப்போது கைபேசியிலேயே இந்த ஆட்டம் வந்துவிட்டதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு.

பிரான்சில் 1837-ஆம் ஆண்டு முடிவோடு சூதாட்ட விடுதிகளை மூடினார்கள். அந்த நாட்டைச் சேர்ந்த பிரான்சுவா பிளாங்க், லூயி பிளாங்க் என்ற இரட்டையர்கள் 1840-களில் ஜெர்மனியின் பாட் ஹோம்பர்க் ஊரில் கடை விரித்தார்கள். அதுவரை சக்கரத்தில் 1 முதல் 36 வரையும், அதோடு இரண்டு பூஜ்யங்களும் இருந்தன. ஆட வருபவர்களை இழுக்க ஒரு பூஜ்யத்தை எடுத்துவிட்டார்கள். ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த ஒன்றே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

எப்படி என்று பாருங்கள். சக்கரத்தில் 37 பள்ளங்கள். நாம் கட்டிய எண் விழுந்தால், ஒரு காசுக்கு 35 காசு லாபம். 37 எண்களுக்கும் 36 எண்களுக்கு உரிய கணக்கில்தான் பணம் தருகிறார்கள். பாக்கி ஒரு பங்கு விடுதிக்கு.

இப்போது இரண்டு பேர் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஒரு சுற்றுக்கு 18 காசு கட்டுகிறார்கள். 37 சுற்றில் ஒவ்வொரு எண்ணும் ஒருமுறை விழுகிறது என்று கொள்ளுங்கள்.

முதல் ஆள் 18 காசையும் ஒரே எண்ணில் கட்டுகிறார். ஒருமுறை வென்று 630 பெறுகிறார். 36 முறை தோற்று 648 இழக்கிறார். நஷ்டம் 18.

இரண்டாம் ஆள் 18 எண்களில் ஒவ்வொரு காசாகப் பிரித்துக் கட்டுகிறார். 18 முறை வென்று 324 பெறுகிறார். 19 முறை தோற்று 342 இழக்கிறார். நஷ்டம் அதே 18.

பிரித்துக் கட்டியவர் அடிக்கடி ஜெயிக்கிறார் என்பது உண்மை. ஆனால் ஜெயிக்கும்போது கிடைப்பது சிறிய தொகை. 37 எண்களிலும் ஒவ்வொரு காசு கட்டினால் தோல்வியே இல்லை என்று தோன்றும். 37 கட்டி 36 திரும்ப வாங்குவோம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு காசு நிச்சயமாகப் போகும்!

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிரித்துக் கட்டுபவரின் பணம் மெதுவாகக் கரைகிறது. அதனால் அவர் மேசையை விட்டு எழுந்திருப்பதில்லை. அதே பணத்தைத் திரும்பத் திரும்பக் கட்டுகிறார். ஒவ்வொரு முறையும் 37-இல் ஒரு பங்கு கழிகிறது.

சிவப்பு நிறத்தில் கட்டுவதும் 18 எண்களில் பிரித்துக் கட்டுவதுதான். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோவில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. "இனி சிவப்புதான்" என்று நம்பிக் கட்டியவர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள். 18 எண்கள் துணைக்கு இருந்தும் பயனில்லை. முந்தைய சுற்றில் என்ன விழுந்தது என்பது சக்கரத்துக்கு நினைவில்லை.

"அப்படியானால் பல எண்களில் கட்டி யாருமே ஜெயித்ததில்லையா?" என்பீர்கள். ஜெயித்தவர் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலிருந்து மான்டி கார்லோ போன ஜோசப் ஜாகர், நூற்பாலைத் தொழில் அறிந்தவர். சக்கரங்களில் விழும் எண்களை ஆள் வைத்துக் குறித்துவரச் செய்தார். ஒரு சக்கரத்தில் மட்டும் சில எண்கள் அதிகமாக விழுவதைக் கண்டுபிடித்து, அவற்றில் கட்டிப் பெரும் பணம் பார்த்தார். ஆனால் அவரை ஜெயிக்க வைத்தது அந்தச் சக்கரத்தின் கோணல். பிரித்துக் கட்டியது அல்ல. விடுதிக்காரர்கள் விழித்துக்கொண்டதும் அவர் தோற்கத் தொடங்கினார். மிச்சப் பணத்தோடு ஊர் திரும்பியதுதான் அவருடைய உண்மையான கெட்டிக்காரத்தனம்.

சேமிப்பைப் பல இடங்களில் பிரித்துப் போடச் சொல்கிறோமே, அது வேறு. அங்கே ஒவ்வொரு இடத்திலும் பணம் வளர வாய்ப்பு உண்டு. ஒன்று சரிந்தால் மற்றொன்று தாங்கும். ரூலெட்டில் ஒவ்வொரு கட்டமும் நஷ்டக் கட்டம். நஷ்டங்களை எத்தனை கூட்டினாலும் லாபம் வராது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே அளந்து போட்டாலும் ஆற்றில்தான் போகிறது.

1863-இல் பிரான்சுவா பிளாங்க் மொனாக்கோவின் சூதாட்ட விடுதியை ஏற்று நடத்தத் தொடங்கினார். அந்த ஒற்றைப் பூஜ்யத்தின் வருமானம் பெருகி, 1869-இல் அந்த நாடு தன் மக்கள் மீதான நேரடி வரியையே நீக்கியது. அதே மொனாக்கோ, தன் குடிமக்கள் அந்த விடுதியில் சூதாடுவதைத் தடை செய்திருக்கிறது. கடை வைத்தவரே தன் பிள்ளைகளை உள்ளே விடவில்லை என்றால், நாம் யோசிக்க வேண்டாமா?

பிள்ளைகளுக்கும் இந்த 18 காசுக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்