பனி ஹாக்கி வீரர்களும் கால்பந்து வீரர்களும்: மனப்பாங்கு வேறுபாட்டின் வரலாறு

ஹாக்கி வீரர் எலும்பு முறிந்தாலும் ஆடுவார், கால்பந்து வீரர் தொட்டாலே விழுந்து புரள்வார் என்பது வட அமெரிக்க ரசிகர்களிடையே பழகிப்போன கேலி. இங்கே ஹாக்கி என்பது பனித்தளத்தில் சறுக்குக் காலணி அணிந்து ஆடப்படும் பனி ஹாக்கியைக் குறிக்கும். இந்தியாவில் ஆடப்படும் ஹாக்கி அன்று. இரு விளையாட்டுகளின் வரலாற்றையும் பார்த்தால் இந்தக் கேலி பாதிதான் சரி.

1964 ஏப்ரலில் ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். டொரான்டோ அணியின் தடுப்பாட்டக்காரர் பாபி பான் காலில் அடிபட்டுத் தூக்குப்படுக்கையில் வெளியே கொண்டுசெல்லப்பட்டார். வலிமரப்பு ஊசியுடன் திரும்பி வந்து, கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலையும் அடித்தார். ஏழாவது ஆட்டத்திலும் ஆடினார். கால் எலும்பு முறிந்திருந்தது பின்னரே உறுதியானது.

இதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1956 இங்கிலாந்து எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டி கோல்காப்பாளர் பெர்ட் டிரவுட்மன் கழுத்தெலும்பு முறிந்த நிலையில் கடைசிவரை ஆடினார். துணிச்சலில் இவர் பானுக்குக் குறைந்தவர் அல்லர். ஆனால் காரணம் வேறு. அன்றைய கால்பந்தில் மாற்று வீரருக்கே இடமில்லை; அவர் வெளியேறினால் அணி பத்துப் பேருடன் ஆட வேண்டும். இங்கிலாந்து லீக் 1965-இலும், உலகக் கோப்பை 1970-இலும்தான் மாற்று வீரரை அனுமதித்தன.

ஹாக்கியிலோ ஆட்டம் நடக்கும்போதே வீரர்கள் ஒரு நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் மாறிக்கொண்டே இருப்பார்கள். பானின் இடத்தில் ஆட ஆள் இருந்தது. அப்படியிருந்தும் அவரைப் போன்றவர்கள் களத்தை விட்டுப் போகாததற்கு வீரம் மட்டும் காரணமன்று. 1942 முதல் 1967 வரை என்.எச்.எல். போட்டியில் இருந்தவை ஆறே அணிகள். ஒருமுறை இடத்தை விட்டால் அதைப் பிடிக்க ஆட்கள் காத்திருந்தனர். வலியை மறைப்பது பிழைப்பைக் காப்பதாகவும் இருந்தது.

கோல்காப்பாளர்களின் நிலை இன்னும் கடுமையானது. கெட்டி ரப்பரால் ஆன 'பக்' என்னும் வட்டு வேகமாக வரும். முகத்தில் எதுவும் இராது. மான்ட்ரியால் அணியின் ஜாக் பிளாண்ட் பயிற்சியில் முகமூடி அணிந்துவந்தார். ஆட்டத்தில் அணிவதைப் பயிற்சியாளர் டோ பிளேக் விரும்பவில்லை. 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் முகம் கிழிந்து தையல் போட்டபின், முகமூடி இல்லாமல் திரும்ப மாட்டேன் என்று பிளாண்ட் நின்றுவிட்டார். மாற்றுக் கோல்காப்பாளர் தயாராக இல்லாததால் பிளேக் இணங்கினார். அன்று மான்ட்ரியால் வென்றது. பானின் கோலைவிட இந்த மறுப்புக்கே அதிகத் துணிச்சல் வேண்டியிருந்தது எனலாம்.

கால்பந்தில் விழுந்து நடிப்பதற்கும் விதிகளே இடம் தந்தன. கோல்கள் அரிதான ஆட்டத்தில் ஒரு பெனால்டியோ எதிரணி வீரருக்கான சிவப்பு அட்டையோ முடிவையே மாற்றிவிடும். 2002 உலகக் கோப்பையில் துருக்கியின் ஹாக்கன் உன்சால் உதைத்த பந்து பிரேசிலின் ரிவால்டோவின் காலில் பட்டது. அவரோ முகத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். உன்சால் வெளியேற்றப்பட்டார். ரிவால்டோவுக்குப் பின்னர் 11,500 சுவிஸ் பிராங்க் அபராதம் மட்டுமே.

ஹாக்கியில் தவறுக்கான வழக்கமான தண்டனை இரண்டு நிமிடம் வெளியே உட்காருவது. அடிபட்டவர் பனியில் கிடக்கும்வரை அவருடைய அணிக்கு ஓர் ஆள் குறைவு; ஆகவே எழுந்து இருக்கைக்குச் செல்வதே லாபம். அங்கும் நடிப்பு இல்லாமலில்லை. மிகைப்படுத்தி விழுவதற்கு விதிப்புத்தகத்தில் தனித் தண்டனை உண்டு. திரும்பத் திரும்பச் செய்பவருக்கு அபராதமும் உண்டு.

வலியைப் பொறுப்பதைப் பெருமையாக்கிய மனப்பாங்கின் விலை பிற்பாடுதான் தெரியவந்தது. களச்சண்டைகளுக்குப் பெயர்பெற்ற ஹாக்கி வீரர் டெரெக் பூகார்ட் 2011-இல் 28 வயதில் வலிநிவாரணி மருந்தும் மதுவும் சேர்ந்ததால் இறந்தார். அவருடைய மூளையில் தொடர் தலையடிகளோடு தொடர்புடைய சி.டி.இ. என்ற சிதைவு நோய் கண்டறியப்பட்டது. கால்பந்திலும் 2002-இல் இறந்த ஜெஃப் ஆஸ்டிலின் மரணத்தை, பந்தைத் தலையால் முட்டி வந்த தொழில்நோய் என்று இங்கிலாந்தின் மரண விசாரணை அதிகாரி பதிவுசெய்தார். தலையில் அடிபட்டவருக்குப் பதிலாகக் கூடுதல் மாற்று வீரரை இறக்கும் முறை 2021-இல் கால்பந்தில் சோதனையாகத் தொடங்கியது.