கதைவட்டமும் அயன்மொழி எழுத்தும்

1994ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜோ லேம்பர்ட், டேனா ஆட்ச்லி முதலியோர் கணினிவழிக் கதைகூறும் பயிற்சியைத் தொடங்கினர். தம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை எழுதி, படங்களோடு இணைத்துச் சில நிமிடங்களில் தம் குரலிலேயே கூறுதல் இதன் முறை. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் 2001 முதல் 2008 வரை வேல்சு நாட்டில் இதனை நடத்திற்று.

ஆங்கிலத்தை அயன்மொழியாகக் கற்பிக்கும் ஆசிரியரும் பின்னர் இதனை மேற்கொண்டனர். இம்முறையின் உயிர்நிலை கணினியன்று, கதைவட்டமே. மாணவர் கூடியமர்ந்து, எழுதுமுன் கதையை வாயாற் சொல்வர். கேட்போர் விளங்காத இடத்தை வினவுவர். எழுதியதைக் குரலிற் பதியும்போது, நாத் தடுமாறும் வாக்கியம் தானே புலப்படும். ஆசிரியரின் சிவப்பு மை பிழையைக் காட்டும். தோழரின் வினாவோ யாருக்காக எழுதுகிறோம் என்பதைக் காட்டும். கருவியை வாங்கி வட்டத்தைக் கைவிடுதல், உமியைக் கொண்டு அரிசியை விடுதலே ஆகும்.