பாயில் ஹைட்ஸ்: பல இனத்தவர் வாழ்ந்த ஒரு குடியிருப்பின் வரலாறு

லாஸ் ஏஞ்சலஸ் நகரில், ஆற்றுக்குக் கிழக்கே உள்ள குடியிருப்புப் பகுதி பாயில் ஹைட்ஸ். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் யூதர், மெக்சிகோவினர், ஜப்பானியர், ரஷ்யர், ஆர்மீனியர், கறுப்பினத்தவர் ஆகியோர் இங்கு அருகருகே வாழ்ந்தனர். இதை அவர்களது விருப்பம் என்று மட்டும் கொள்ள முடியாது. வெள்ளையரல்லாதோருக்கு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற நிபந்தனை நகரின் பல பகுதிகளில் வீட்டுப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. சில இடங்களில் யூதருக்கும் தடை இருந்தது. பாயில் ஹைட்ஸில் இத்தகைய தடைகள் குறைவு.

1939இல் வீட்டுக்கடன் ஆபத்தை மதிப்பிட்ட கூட்டாட்சி அரசு நிறுவனம், வரைபடத்தில் இப்பகுதிக்குச் சிவப்பு நிறம் தீட்டியது. பல இனத்தவர் கலந்து வாழ்வதையே அது பெருங்குறையாகப் பதிவு செய்தது. வேறிடம் செல்ல வழியின்றிச் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு, சேர்ந்து வாழ்ந்ததற்காகவே கடன் அரிதாயிற்று!

1942இல் ஜப்பானியர், அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள் உட்பட, தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். 1948இல் உச்ச நீதிமன்றம், இன அடிப்படையிலான பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது எனத் தீர்ப்பளித்தது. யூதர் பலர் ஏற்கெனவே மேற்குப் பகுதிகளுக்குக் குடிபெயரத் தொடங்கியிருந்தனர். எனினும் 1949இல் எட்வர்ட் ராய்பல், மெக்சிகோ வழியினரோடு யூதரின் வாக்குகளையும் பெற்று நகர மன்றத்திற்குத் தேர்வானார். அந்த நூற்றாண்டில் அங்கு அமர்ந்த முதல் மெக்சிகோ வழியினர் அவரே.

பின்னர் விரைவுச் சாலைகளுக்காகப் பல வீடுகள் இடிக்கப்பட்டன. இன்று இங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பான்மையினர் லத்தீன் அமெரிக்க வழியினர். ஓவியக் கூடங்கள் வந்தால் வாடகை ஏறும் என அஞ்சிய குடியிருப்போர், 2016இல் அவற்றின் வாசலிலேயே போராடினர்.