புதுச்சேரி வானூர்தி நிலையம்

புதுச்சேரி வானூர்தி நிலையம் இந்தியாவின் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இலாசுப்பேட்டையில் அமைந்துள்ளது. இந்திய வானூர்தி நிலையங்கள் ஆணையம் இதனை நடத்துகின்றது. பறப்புப் பாதுகாப்பு விதிகளின் நடைமுறையைக் குடிசார் வான்போக்குவரத்துத் தலைமை இயக்ககமும், பயணிகள் சோதனை போன்ற காவல் நெறிகளைக் குடிசார் வான்போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகமும் மேற்பார்வையிடுகின்றன.

இதன் ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டர் நீளமே உடையது. வேகமெடுத்த பின் புறப்பாட்டைக் கைவிட நேர்ந்தாலும் வானூர்தி பாதைக்குள்ளேயே நிற்க வேண்டும் என்பது விதி. முழுச் சுமையுடைய ஏர்பஸ் ஏ320 போன்ற தாரை வானூர்திகளுக்கு இந்நீளம் போதாது. ஆகவே கியூ400, ஏடிஆர் 72 போன்ற உந்துசுழலி வானூர்திகளே பயணிகள் சேவைக்குப் பயன்பட்டுள்ளன. பாதையை நீட்டத் தேவையான நிலத்தின் ஒரு பகுதி தமிழ்நாட்டு எல்லைக்குள் உள்ளது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்துச் சிதறிய எல்லைகளின் எச்சம் இது எனலாம்.

சேவைகளும் நிலைக்கவில்லை. 2013இல் தொடங்கிய பெங்களூர்ச் சேவை மறு ஆண்டே நின்றது. 2017இல் ஐதராபாத்துக்கு மீண்டும் தொடங்கிய ஸ்பைஸ்ஜெட் சேவை 2024இல் நின்றது. அவ்வாண்டு திசம்பரில் இண்டிகோ நிறுவனம் இரு நகரங்களுக்கும் ஏடிஆர் சேவையைத் தொடங்கியது.