லஸ் என்னும் ஒளி

மயிலாப்பூரில் நாள்தோறும் ஆயிரவர் வாயில் வழங்கும் ‘லஸ்’ என்னும் சொல், ஒளியைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லான ‘லூஸ்’ என்பதன் திரிபாகும். அங்குள்ள ஒளியன்னை ஆலயத்தின் பெயரே ஊர்ப்பெயராயிற்று. மக்கள் வழக்கிலோ அது ‘காட்டுக் கோயில்’. முன்னாளில் மரஞ்செறிந்திருந்த இடம் அது என்பதற்கு இப்பெயரே சான்று.

கடலில் திசை தப்பிய போர்த்துகீசியர்க்குக் கரையில் ஓர் ஒளி தோன்றி வழிகாட்டி, அது மறைந்த இடத்தில் அவர்கள் கோயில் எழுப்பினர் என்பது வழிவழிச் செய்தி. ஆலயக் கல்வெட்டு 1516 என்னும் ஆண்டைத் தருகின்றது. ஆயினும் போர்த்துகீசியர் சிலர் ஆர்மேனிய வணிகரோடு வந்து தோமையார் கல்லறையை முதன்முதற் கண்டது 1517இல் என்று அவர்தம் சான்றுரைகளால் அறிகிறோம். கண்டறியும் முன்னரே கோயில் எழுந்ததோ? பிற்காலத்தார் தம் நினைவைக் கல்லில் வெட்டினர் எனக் கொள்வதே பொருந்தும் என்பது என் கருத்து.

போர்த்துகீசிய உலகில் ஒளியன்னை, மெழுகுதிரி அன்னை என்னும் பெயர்கள் பெரும்பாலும் ஒரே வழிபாட்டைச் சுட்டுவன. அதன் வேர் பிப்ரவரி 2ஆம் நாள் திருவிழா. கிறிஸ்து பிறப்பு முதல் நாற்பதாம் நாளில் தாய் குழந்தையை எருசலேம் கோயிலுக்குக் கொணர்ந்ததையும், முதியவர் சிமியோன் குழந்தையைக் கையிலேந்தி ஒளியென வாழ்த்தியதையும் லூக்கா எழுதுகிறார். ஆட்டுக்குட்டி அளிக்க இயலாத ஏழைகளுக்கு மோசேயின் சட்டம் விதித்த இரு பறவைகளே அன்றைய காணிக்கை. பிள்ளை பெற்றவள் கோயிலுக்குப் போக நாளெண்ணிக் காத்திருத்தல் நம் பெண்களுக்கும் புதிதன்று.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேம் சென்ற எகேரியா என்னும் பெண் பயணி இவ்விழாவைக் குறித்துள்ளார். அப்போது அது சனவரி 6இலிருந்து நாற்பதாம் நாளில், அதாவது பிப்ரவரி 14இல் நிகழ்ந்தது. ஆர்மேனியத் திருச்சபை இன்றும் அந்நாளையே போற்றுகிறது. முன்மாலையில் தீ மூட்டி, புதுமணத் தம்பதியர் அதனைத் தாண்டுவர். மயிலைக்குப் போர்த்துகீசியரை அழைத்து வந்தோரும் ஆர்மேனியரே. 1726இல் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தைக் கட்டுவித்த கோஜா பெத்ரூஸ் உஸ்கானும் ஆர்மேனியரே. ஒளி விழாவின் பழைய நாளைக் காத்துவந்த இனத்தார் இந்நகரின் பழைய வழிகளையும் அறிந்திருந்தனர்.

மேலைநாட்டில் மெழுகுதிரி மந்திரிப்பும் பவனியும் பின்னர்ச் சேர்ந்தவை. போலந்தில் மந்திரித்த திரியை இடிமழையின்போதும், உயிர்பிரிவோர் கையிலும் ஏற்றுவர். பிரான்சில் கோதுமை மாவில் மெல்லிய அடை சுடுவர். மெக்சிகோவில் சனவரி 6ஆம் நாள் ரொட்டியில் மறைத்த குழந்தை உருவம் யார் பங்கிற் கிட்டியதோ, அவரே பிப்ரவரி 2இல் ‘தமாலே’ அளிக்க வேண்டும். மக்காச்சோள மாவைச் சோளக்கதிரின் மேல்தோலிலோ இலையிலோ பொதிந்து அவிக்கும் இது நம் இலைக் கொழுக்கட்டைக்கு உறவு! செர்மானியர் அந்நாள் வெயிலைக் கண்டு குளிர் நீளுமோ எனக் கணித்தனர். அந்நம்பிக்கையே அமெரிக்காவில் நிலப்பன்றி நாளாயிற்று.

குளிர் நீங்குவதைப் பார்த்திருக்கும் இவ்வேக்கம் தை மாதத் தமிழகத்திற்கு ஏது? இங்கோ அறுவடை முடிந்திருக்கும். அதே பருவத்தில் தைப்பூசச் சோதியும் வருகிறது. வடலூரில் வள்ளலார் 1872 தைப்பூசத்தில் சத்திய ஞானசபையைத் தொடங்கினார். இரண்டிற்கும் வரலாற்றுத் தொடர்பு காண முயலுதல் வீண். எனினும் மயிலையில் வாழ்வோர்க்கு இவ்விரு விழாக்களும் அடுத்தடுத்து வருவதன் இனிமையை மறுப்பதற்கில்லை.

தமிழில் இந்நிகழ்ச்சியை வீரமாமுனிவர் தேம்பாவணியில் ‘மகனேர்ந்த படலம்’ எனத் தனியே பாடினார். ‘நேர்தல்’ என்னும் சொல்லாட்சியை நோக்குக. நம் நாட்டுப்புறத்தார் தெய்வத்திற்கு நேர்ந்துவிடுவது போன்றதே அது. மேலைத் திருச்சபையில் நெடுங்காலம் ‘மரியாவின் தூய்மைச் சடங்கு’ எனப்பட்ட இவ்விழா 1969ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் ‘ஆண்டவரைக் காணிக்கையாக அளித்தல்’ எனப் பெயர் மாறியது. தாயின் தீட்டைச் சுட்டாது, மகனை நேர்ந்ததையே தலைப்பாக்கியவர் 1726இல் அக்காப்பியத்தை நிறைவு செய்த முனிவர்.