போன பேர் திரும்புமா?



எங்க கெங்கவல்லியில் ஒருத்தரைப் பற்றி அவதூறு கிளம்பினால், அது ஆத்தூர் பஸ் ஏறுவதற்கே ஒரு நாள் ஆகும். இன்டர்நெட்டில்...?

2008-ல் நடந்தது நம்ம செட்டுக்கு ஞாபகம் இருக்கும். யாரோ ஒருவன் நம் வகுப்பு நண்பன் பெயரிலேயே, அவன் போட்டோவை வைத்து, ஆர்குட்டில் போலிக் கணக்கு தொடங்கிக் கண்டதையும் எழுதினான். பிரௌசிங் சென்டரில் கூட்டமாக நின்று சிரித்தோம். "விடுடா மாப்ள, ஜாலிக்குத்தானே!" என்றவன் நான்தான். ஒரு வாரம் அவன் வகுப்புக்கே வரவில்லை.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே சென்னையில் ஒரு சரித்திரம் நடந்திருந்தது. ஒரு பெண்ணின் பெயரில் பொய் மின்னஞ்சல் கணக்கு திறந்து, யாஹூ குழுக்களில் ஆபாசச் செய்தி போட்டான் ஒருவன். அந்தப் பெண்ணுக்கு ஓயாமல் தொல்லை போன்கள்! 2004 பிப்ரவரியில் அவர் துணிந்து புகார் கொடுத்தார். அதே ஆண்டு நவம்பர் 5-ல் எழும்பூர் நீதிமன்றம் அவனுக்கு 2 ஆண்டு சிறை விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் இந்தியாவின் முதல் தண்டனை என்று பேசப்படும் வழக்கு இது.

ஆனால் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அடையாளத் திருட்டுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. பிறர் நற்பெயரைக் கெடுக்கும் பொய் ஆவணம் பற்றிய பழைய தண்டனைச் சட்டப் பிரிவையும் சேர்த்துத்தான் வழக்கை நிறுத்தினார்கள். 2008-ல் திருத்தம் நிறைவேறி, 2009 அக்டோபரில் 66சி, 66டி பிரிவுகள் நடைமுறைக்கு வந்தன. கடவுச்சொல் திருட்டுக்கும், ஆள்மாறாட்ட மோசடிக்கும் 3 ஆண்டு வரை சிறை.

சட்டம் வந்தது, எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 2016 ஜூனில் நம் சேலம் மாவட்டத்திலேயே ஓர் இளம்பெண்ணின் படத்தை ஒட்டுவேலை செய்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். தந்தை புகார் கொடுத்தும் படம் உடனே நீங்கவில்லை. அந்தப் பெண்ணை இழந்தோம். பிறகு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் மன்னிப்புக் கேட்டார். யாருக்கு என்ன பயன்?

தம்பி தங்கைகளே, கடவுச்சொல்லை ரூம்மேட்டுக்கும் சொல்லாதீங்க. அவ்வப்போது உங்க பேரை நீங்களே கூகுளில் தேடிப் பாருங்க. போலிக் கணக்கைக் கண்டால், அது மறையும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டுப் புகார் செய்யுங்க. எல்லாவற்றுக்கும் மேலாக, பாதிக்கப்பட்டவரை முதலில் நம்புங்க; சிரிக்காதீங்க.

ஆர்குட் 2014-ல் மூடப்பட்டது. அந்தப் போலிக் கணக்கும் அதோடு போச்சு. என் சிரிப்பு மட்டும் போகவில்லை. அந்த நண்பன் இந்தச் சந்திப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். 'சாரி மாப்ள' என்று இத்தனை வருஷம் கழித்தாவது சொல்லிவிட வேண்டும்.

வாழ்க நம் கல்லூரி!

– கெங்கவல்லிப் பொறியாளன், 2006–10 அணி